போட்டாச்சு கண்ணு

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி வாக்கில் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் தன் வீட்டு முன்னறையில் கோகிலவாணி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். திரையில், மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்கள். இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை. அதே நேரத்தில், மூன்று காடு தள்ளி, அவருடைய தாய்மாமன் சின்னக்கண்ணு மிளகு பறிக்க ஏறிய மூங்கில் ஏணியிலிருந்து வலிப்பு வந்து கீழே விழுந்தார்.

சின்னக்கண்ணுவுக்கான வரியிலும் அன்று காலை பச்சைதான் இருந்தது. மாத்திரை போட்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

கோகிலவாணிக்கு வயது முப்பத்தொன்று. ராசிபுரத்தில் விடுதியில் தங்கிக் கணினி படித்தவர். சேலத்தில் ஒரு நிறுவனத்துக்காக மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவர் தொழில். கொரோனா காலத்தில் மலை ஏறி வந்தவர், திரும்பி இறங்கவில்லை. பிறர் எழுதிய கணினிக் கோடில் ஓட்டை தேடிக் கொண்டிருந்தவருக்குச் சொந்தமாக ஒன்று செய்ய ஆசை வந்தது. அந்தச் சமயத்தில்தான் மலையில் கிராமச் செவிலியராக இருக்கும் சங்கீதா ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வலிப்புக்கும் தினமும் மாத்திரை போட வேண்டியவர்கள் நாலு நாள் போட்டுவிட்டு ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறார்கள், ஊர் ஊராகப் போய்க் கேட்க ஒருத்தியால் முடியவில்லை என்று.

அப்படித் தொடங்கியது "காலைக் குரல்". தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு கணினி போன் செய்யும். "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று கேட்கும். பதிலைப் புரிந்துகொள்ளும். இல்லை என்றாலோ, போனை எடுக்காவிட்டாலோ சங்கீதாவுக்குத் தகவல் போகும். கேட்கும் குரல் கோகிலவாணியுடையது. வேறு ஆள் கிடைக்காததால் அவரே பேசிப் பதிவு செய்திருந்தார்.

கோடை எழுத உடன் வந்தவர் தவ்ஹீத். வயது இருபத்தாறு, மலையடிவார முள்ளுக்குறிச்சிக்காரர். அவருடைய தந்தை அப்பாஸ் அலி மலை மிளகு வாங்கி விற்பவர் என்பதால் மலையில் பாதிப் பேரைத் தவ்ஹீத்துக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று கோடைப் பொதுவில் வைத்துத்தான் இருவரும் வேலை பார்த்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சரி என்று சொன்னால்தான் அது உள்ளே போகும்.

முதல் வாரமே சிக்கல். "கொல்லிமலை முழுக்கக் கண் நோய் பரவியிருக்கிறது" என்கிற மாதிரி சங்கீதாவின் போனில் தகவல்கள் குவிந்தன. விஷயம் இவ்வளவுதான்: கேட்பது இளம்பெண்ணின் குரல் என்பதால் எல்லாரும் பாசமாகப் பதில் சொல்லியிருந்தார்கள். "போட்டாச்சு கண்ணு." கணினி கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் கோளாறு என்று எடுத்துக்கொண்டது. "போட்டுட்டேன் சாமி" என்றவர்களைக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று குறித்து வைத்தது.

"உங்க மலையில ஆளுக்கு ஆள் சாமிங்க. எங்கூட்டுல ஒருத்தரும் என்னை அப்படிக் கூப்புட்டதில்லீங்க அக்கா" என்றார் தவ்ஹீத்.

"கூப்புடற மாதிரி நடந்துக்கோ, கூப்புடுவாங்க" என்றார் கோகிலவாணி.

அன்றே ஒரு சின்னக் கோட் எழுதினார். பதிலின் கடைசியில் வரும் கண்ணு, சாமி, ங்க எல்லாவற்றையும் அது நறுக்கிவிடும். "சரிக்கண்ணு" என்று வந்தால் நடுவில் ஒட்டி நிற்கும் க்-ஐயும் சேர்த்து வெட்டி, "சரி" என்று சுத்தமாகக் கொடுக்கும். அந்த அளவுக்குக் கவனமாக எழுதியிருந்தார். தவ்ஹீத் அதற்கு வால்வெட்டி என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

புதிதாகச் சேருகிறவர்கள் போனிலேயே பெயர் சொல்லிப் பதிந்துகொள்ளும் வசதி வந்தபோது சண்டை வந்தது. பெயர் சொல்லும்போதும் ஜனங்கள் "அர்த்தனாரிங்க", "பூபதி சாமி" என்றுதான் இழுத்தார்கள். பெயருக்கும் வால்வெட்டியையே போட்டுவிடலாம் என்றார் கோகிலவாணி. தனியாக ஒன்று எழுத வேண்டும் என்றார் தவ்ஹீத். மூன்று வாரம் இழுத்தது. கோடின் ஓரத்தில் எழுதித் திட்டிக்கொண்டது போதாமல் போனிலும் தொடர்ந்தது.

"பதிலும் பேரும் ஒரே சாமானுங்களா அக்கா? இன்னிக்கு ஒண்ணாட்டம் தெரியுது. நாளைக்கு ஒண்ண மாத்துனா இன்னொண்ணு கெட்டுப்போவும்."

"ஒரே வேலைய ரெண்டு எடத்துல எழுதுனா ஒண்ணத் திருத்துவே, இன்னொண்ண மறந்துருவே. நான் தினம் ஆபீஸ்ல பாக்கறது அதத்தான்."

"எனக்கென்னமோ சரியாப் படலீங்க."

"படலைன்னா ஒரு டெஸ்ட் எழுதி ஒடச்சுக் காட்டு. ஒடஞ்சா நான் கேட்டுக்கறேன்."

இது கோகிலவாணி கொண்டுவந்த சட்டம். ஒரு கோட் தப்பு என்று நினைப்பவர், அது எங்கே தப்புகிறது என்று டெஸ்ட் எழுதிக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பேச்சு முடிந்தது. தவ்ஹீத் உட்கார்ந்து பெயர்களைப் போட்டுப் பார்த்தார். நஜிமா, அதீபா, கார்த்தி, சதீஷ்குமார், சங்கீதா. அவருக்குத் தெரிந்த பெயர்கள், அவர் வயதுக்காரர்களின் பெயர்கள். எல்லாம் முழுசாகத் திரும்பி வந்தன. ஒன்றும் உடையவில்லை. தோற்றுவிட்டேன் என்று ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பிவிட்டு வால்வெட்டிக்குச் சம்மதித்தார்.

தவ்ஹீத்தும் தன் பங்குக்கு ஒன்று எழுதியிருந்தார். மலையில் சிம் கார்டு மாற்றாதவர்கள் குறைவு. மாற்றும்போதெல்லாம் புதிதாகப் பதிவு செய்தார்கள். அதனால் ஒரே ஊரில் ஒரே பெயர் மறுபடி வந்தால் அது பழைய ஆள்தான் என்று எடுத்துக்கொண்டு, பழைய போன் எண்ணை அழித்துப் புதிய எண்ணைப் போட்டுவிடும்படி செய்திருந்தார். கோகிலவாணி அதைப் படித்துப் பாராட்டினார். அதற்கும் டெஸ்ட் இருந்தது. அதுவும் பச்சை.

பெயர்ப் பதிவு தொடங்கிய நாளில் கோகிலவாணியின் தந்தை அப்பாசாமிதான் முதலில் கூப்பிட்டுப் பதிந்துகொண்டார். அவருக்கு ரத்தக் கொதிப்பு. பதிவானதும் கோகிலவாணி திரையைப் பார்த்தார். பெயர் என்ற இடத்தில் "அப்பா" என்று இருந்தது. போனில் கேட்டது மகளின் குரல், உங்கள் பெயர் என்ன என்றதும் மனிதர் "அப்பா" என்று சொல்லியிருக்கிறார் என்று நினைத்தார். அதைப் படம் பிடித்து தவ்ஹீத்துக்கும் சங்கீதாவுக்கும் ஆபீஸ் தோழிகளுக்கும் அனுப்பினார். எல்லாரும் இதயம் போட்டார்கள்.

பிப்ரவரி ஆறாம் தேதிக்கு வருவோம். சின்னக்கண்ணுவைக் கோகிலவாணியும் அப்பாசாமியும் ஜீப்பில் ஏற்றி முள்ளுக்குறிச்சி வழியாக ராசிபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இன்னொரு முறை வலிப்பு வந்தது. வளைவுக்கு வளைவு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் சங்கீதா. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. தலை தப்பியது. மதியத்துக்கு மேல்தான் பேச்சு வந்தது. அதற்குள் தவ்ஹீத் பைக்கில் வந்து சேர்ந்திருந்தார்.

"மாத்திரை ஒழுங்காப் போட்டா இப்புடி வராதுங்களே" என்றார் டாக்டர்.

"போட்டிருக்காருங்க. இன்னிக்குக் காலையிலகூட" என்று கோகிலவாணி போனைக் காட்டினார். ஆறு மணி இரண்டு நிமிடம். பச்சை. பக்கத்தில் பதிலின் ஒலிப்பதிவும் இருந்தது. அதையும் ஓட விட்டார்.

"போட்டாச்சு கண்ணு. நீ சாப்புட்டயா?"

கட்டிலில் கிடந்த சின்னக்கண்ணு தலையைத் திருப்பினார்.

"இது நம்ம சின்னசாமியாச்சே" என்றார்.

கோகிலவாணி முந்தின நாள் பதிவை ஓட விட்டார். அதே குரல். அதற்கு முந்தின நாள். அதே குரல், கூடவே சேவல் ஒன்று. சின்னசாமி அதே ஊர்க்காரர். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர். பொங்கலுக்கு முன்பு நடந்த முகாமில்தான் சேர்ந்திருந்தார்.

"மாமா, உங்களுக்கு போனு வரலீங்களா?"

"எங்க வருது? பொங்கலோட நின்னுபோச்சே."

"ஏனுங்க மாமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

சின்னக்கண்ணுவுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "உன்கிட்ட என்ன சொல்றது கண்ணு? கூப்புட்டதே நீதானே. தினம் போடுங்க போடுங்கன்னே. போட்டேன். அப்பறம் நீயே நிறுத்திட்டே. சரி, புள்ள படிச்சது, கணக்குப் பாத்துத்தான் நிறுத்தியிருக்கும், இனி மாத்திரை வேண்டாம்போலன்னு உட்டுட்டேன்."

பொங்கலுக்குப் பிறகு மாமா இரண்டு முறை வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். மாத்திரையைப் பற்றிக் கோகிலவாணி கேட்கவில்லை. திரையில் பச்சை இருந்தது, கேட்க என்ன இருக்கிறது?

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். தவ்ஹீத் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வால்வெட்டிக்குள் "சின்னக்கண்ணு" என்று அடித்தார். "சின்ன" என்று வந்தது. "சின்னசாமி" என்று அடித்தார். "சின்ன". ஒரே ஊரில் ஒரே பெயர். பிற்பாடு வந்த சின்னசாமியின் எண், சின்னக்கண்ணுவின் எண்ணை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தது. பட்டியலில் நின்ற அந்தச் "சின்ன" மாமாவின் பெயர்ச் சுருக்கம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். அந்த க்-ஐ மட்டும் வெட்டாமல் விட்டிருந்தால்கூட "சின்னக்" என்று தனியாக நின்றிருக்கும், இரண்டும் மோதியிருக்காது.

"மாமான்னு கூப்புட்டே பழகிட்டேன்" என்றார் கோகிலவாணி. "டெஸ்டுக்குப் பேரு தேடறப்ப அவர் பேரு எனக்கு ஞாபகமே வரல."

"என்ற கோடும்தானுங்க அக்கா அழிச்சது" என்றார் தவ்ஹீத்.

கோகிலவாணிக்கு வேறொன்று தோன்றியது. இன்னொரு பெயரை அடித்தார். திரையில் வந்த வார்த்தையைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மறுமுனையில் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தந்தையிடம் திரும்பினார்.

"அப்பா, போன்ல பேரு கேட்டப்ப நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"அப்பாசாமின்னு சொன்னேன். வேறென்ன சொல்வாங்க?"

முதல் நாளே, முதல் பெயரிலேயே பிழை கண் முன்னால் வந்து நின்றிருக்கிறது. பிழை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார்.

அதன் பிறகு நடந்த வாக்குவாதம் பழையதற்கு நேர்மாறு. உடனே சரி செய்துவிடலாம் என்றார் தவ்ஹீத். "ரெண்டு வரிதானுங்க. பேருக்கு வால்வெட்டிய எடுத்துட்டாப் போதும். காலையில ஆறு மணிக்குள்ள ஓடும்."

"வேண்டாம், நிறுத்து. எத்தன பேர அழிச்சிருக்குன்னு தெரியாம ஒரு போனுகூடப் போகக் கூடாது."

"நூத்தி அறுவது பேரு இருக்காங்க அக்கா. மாமா ஒருத்தருக்காக எல்லாத்தையும் நிறுத்தறதா?"

"இன்னொரு மாமா இல்லைன்னு டெஸ்ட் எழுதிக் காட்டு."

"அந்தச் சட்டத்த இன்னும் உடலீங்களா நீங்க?" என்றார் தவ்ஹீத்.

அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த சங்கீதா குறுக்கே வந்தார். "நீங்க பாட்டுக்கு நிறுத்துனா அந்த நூத்தி அறுவது பேரும் என்ன நெனப்பாங்க? உங்க மாமா நெனச்சதத்தான் நெனப்பாங்க."

இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஓட விட்டாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. எத்தனையோ டெஸ்ட் எழுதியிருந்தார்கள். போன் போகிறதா, பதில் புரிகிறதா, எண் மாறுகிறதா என்றெல்லாம் சோதித்திருந்தார்கள். போன் போகவில்லை என்றால் மறுமுனையில் இருப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

மருத்துவமனைக்கு வெளியே, நிறுத்தியிருந்த ஜீப்புக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கோகிலவாணி புதிதாக ஒன்றைப் பேசிப் பதிவு செய்தார். "நான் கோகிலவாணி பேசறேனுங்க. நாளையில இருந்து கொஞ்ச நாளைக்கு போனு வராதுங்க. போனு நின்னாலும் மாத்திரைய நிறுத்தக் கூடாதுங்க." முதல் இரண்டையும் பாதியில் அழித்துவிட்டு மறுபடி பேசினார். மூன்றாவதைத் தவ்ஹீத் அன்று சாயங்காலமே எல்லா எண்களுக்கும் அனுப்பினார். அழிந்துபோன எண்களுக்கு அது போகாது என்பதால், மறுநாள் முதல் சங்கீதாவும் கோகிலவாணியும் வீடு வீடாகப் போனார்கள். வால் வெட்டுப்பட்ட பெயர்கள் முப்பத்தொன்று. ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்தவர்கள், சின்னக்கண்ணுவைத் தவிர, இன்னும் இரண்டு ஜோடி. அதில் போன் நின்றுபோன ஒருவர் மாத்திரையை விடாமல் போட்டு வந்தார். இன்னொருவர் விட்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சின்னசாமியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னபோது அவர், "நீ சாப்புட்டயான்னு தினம் கேட்டேன், நீ ஒரு நாளும் பதில் சொல்லல. அன்னிக்கே சந்தேகப்பட்டிருக்கோணும்" என்றார்.

இப்போது பெயர்களை எதுவும் வெட்டுவதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் கணினி எதையும் அழிக்காமல் சங்கீதாவைக் கேட்கிறது. ஒருவருக்கு ஒரு நாள் போன் போகாவிட்டாலும் திரையில் சிவப்பு வரும். டெஸ்ட்கள் இருநூற்று ஐம்பதைத் தாண்டிவிட்டன. அதில் பாதிப் பெயர்களைச் சொன்னவர்கள் அப்பாசாமியும் அவர் மனைவி சென்னம்மாளும். டெஸ்ட் எழுதாமலே "சரியாப் படல" என்று இனி யாரும் சொல்லலாம். சொன்னால் வேலை நிற்கும், எழுதியவர்தான் அது உடையாது என்று காட்ட வேண்டும். இந்த மாற்றத்தைக் கோகிலவாணி எழுத, தவ்ஹீத் படித்துச் சரி என்றார்.

சின்னக்கண்ணு தொடையில் கம்பி வைத்துக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட்டார். மே மாதம் வரை நடக்க முடியாது. மரம் ஏறுவது இனி இல்லை. மாத்திரையைச் சங்கீதா கையில் கொடுத்துப் போட வைக்கிறார்.

காலைக் குரல் மார்ச் 4, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு மறுபடி தொடங்குகிறது. முதல் போன் சின்னக்கண்ணுவுக்குப் போகும். அந்த நேரத்தில் கோகிலவாணி அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.