கிணற்று மீனும் என் தங்கையின் காய்ச்சலும்

பஸ்ஸில் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்த மத்தியான வேளையில் என் தங்கை சாரதாவுக்கு மட்டும் குளிர் எடுத்தது. பற்கள் தந்தியடித்தன. என் மேல்துண்டை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். பூந்தமல்லியில் இறங்கும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் அதே வேளையில் மறுபடியும் குளிர்.

முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் மலேரியா) என்றார் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர். மண்ணீரல் (இடது விலாவுக்குள் இருக்கும் உறுப்பு) வீங்கியிருந்தது. நம் பக்கத்தில் காய்ச்சல் கட்டி என்பார்களே, அதுதான். கொயினா (சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மருந்து) கொடுத்தார்.

"நடுவுல நிறுத்தினா கட்டி பெருசாகும். அப்புறம் சும்மா தடுக்கி விழுந்தாக்கூட உயிருக்கு ஆபத்து," என்றார்.

இதே நோயோடு இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துணிக்கடையில் அளந்து கிழிக்கிறேன். கேட்டதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. சாரதாவோ பட்டணத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் சமூகவியல் (மனிதர் கூடி வாழும் விதத்தை ஆராயும் படிப்பு) சொல்லிக்கொடுப்பவள்.

முதலில், ஒரே வீட்டில் ஒருவர் நாட்டு வைத்தியரிடமும் இன்னொருவர் டாக்டரிடமும் ஏன் போகிறார்கள் என்று எழுதினாள். பிறகு கொசு ஆராய்ச்சி நடக்கும் இடம் ஒன்றில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அங்கிருந்த விஞ்ஞானிகளைக் கவனித்து எழுதினாள். அவர்கள் முதலில் கோபித்துக்கொண்டு, படித்த பின் சிரித்தார்களாம். அப்படி எழுத எனக்குத் தெரிந்து அவள்தான் உண்டு.

மூன்றாவதாக எடுத்தது கிணற்று மீன். பட்டணம் பெருகப் பெருக, ஜனங்கள் தங்களோடு வாழும் மரம், பூச்சி, மீன்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது அவள் கேள்வி. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று பூந்தமல்லிக்குப் பக்கத்து ஊரான நூம்பலின் கிணறுகளில் சுகாதார ஆட்கள் விட்ட சின்ன மீன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஊரார் பிடித்துத் தின்கிறார்கள் என்று அதிகாரிகள் முடிவு கட்டியிருந்தார்கள். சாரதா அதை நம்பவில்லை. அந்தக் கல்லூரிப் பருவம் முடிவதற்குள் கட்டுரையைக் கொடுத்தால் அவள் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார்.

கொயினா காய்ச்சலைப் பிடித்து நிறுத்தியது. கூடவே காதையும் அடைத்தது. உள்ளே மாவு மிஷின் ஓடுகிறது என்றாள். இது அந்த மருந்தின் குணம். உங்களுக்கும் வரலாம், டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாரதா நிறுத்தத்தான் பார்த்தாள்.

"கட்டுரைய முடிச்சிட்டு மறுபடி சாப்பிடறேன். ஜனங்க சொல்றதைக் கேக்கறதுதான் என் வேலை. காது இல்லாம நான் என்னத்த ஆராயறது, அண்ணா?"

"நீ மருந்தைச் சாப்பிடு. நான் கேட்டுச் சொல்றேன்," என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கிணற்றடியில் நிற்பவர்கள் எல்லாம் பெண்கள்.

நூம்பல் கிணற்றடிக்குப் போனோம். சாரதா எப்போதும் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துத்தான் கேட்பாள். அன்றும் கன்னியம்மா என்ற பெண்ணை ஓரமாக அழைத்துக் கேட்டாள். அவள் மெதுவாகச் சொன்ன பதிலை நான் சாரதாவின் காதோரம் சொன்னேன். கேட்கவில்லை.

"இன்னாண்ணா, தங்கச்சிக்கு மந்திரம் ஓதுறியா? வாயத் தொறந்து சொல்லு," என்றாள் கன்னியம்மா.

வேறு வழியில்லை. கத்தினேன். "மீனெல்லாம் தானா செத்துப்போச்சாம்."

எதிர்ப்பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தெய்வானை கயிற்றை நிறுத்தினாள். "யாரு சொன்னது? செத்த மீனா உன் கொடத்துல ஏறி ஏரிக்குப் போச்சு?"

"நீ மட்டும் உடலியா?" என்றாள் கன்னியம்மா.

"உட்டேன். இல்லன்னா சொல்றேன்? பாவம், இருட்டுல கெடந்து சுத்திகினே கீது. ஏரில உட்டா கூட்டத்தோட திரியும்."

"அப்ப ஆபீசருகிட்ட தின்னுட்டோம்னு இன்னாத்துக்குச் சொன்னே?"

"பாவம் பாத்தோம்னா சிரிப்பான். தின்னோம்னா திட்டுவான். திட்டு பரவால்ல."

ஒவ்வொன்றையும் நான் கத்திச் சொல்ல, ஒவ்வொரு கத்தலுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி வந்து திருத்தினாள். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாரதாவின் பென்சில் ஓயவே இல்லை.

"தனியா கேட்டா மரியாதைக்குப் பதில் சொல்லி அனுப்பிடறாங்க. ஒருத்தர் சொல்றது மத்தவங்க காதுலயும் விழணும்னு எனக்கு இத்தனை வருஷமா தோணல," என்றாள், திரும்பும்போது.

கட்டுரையில், தன் காது கேட்காததால்தான் இந்த வழி கிடைத்தது என்று மறைக்காமல் எழுதினாள். படித்தவர்கள் அப்படி எழுதுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. மருந்தையும் முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். வேலை நிரந்தரமானது. பிறகு ஒருநாள் டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்தியபோது விரலுக்குக் கட்டி தட்டுப்படவில்லை.

ஆனால் உடம்பு பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இடது காதில் மெல்லிய ஓசைகள் விழுவதில்லை. காய்ச்சல் நின்று வெகுநாள் வரை, யார் எந்தக் கிழமையைச் சொன்னாலும் அது காய்ச்சல் நாளா, விட்ட நாளா என்று விரல் மடக்கி எண்ணுவாள். நானும் கடையில் லீவு கேட்கும்போது அப்படியே எண்ணினேன். எங்களுக்கு இரண்டு நாளுக்கு மேல் காலம் நீளவில்லை.

போன வாரம் புதிய ஆராய்ச்சிக்குக் கல்லூரியில் அனுமதி கேட்டாள். வேலப்பன்சாவடிச் சாலையில் எந்த மரங்களை ஜனங்கள் வெட்ட விடுவதில்லை என்பது விஷயம்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"மூணு மழைக்காலம் பாக்கணும்."

"மூணு வருஷமா?"

"ஏன், நீ எங்கயாவது போறியா?"

சொல்லிக்கொண்டே இருந்தவள், தன்னை அறியாமல் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, முதல் மழைக்கு எங்கே நின்று தொடங்கலாம் என்று கேட்டாள்.