சாமியாராகப் போன போர்வை

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி எக்குவடோர் நாட்டிலிருந்து வந்தவள். நாங்கள் வந்து குடியேறிய குளிர்நாட்டின் டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தில் அவளுக்கு ஒரே ஒரு ஆத்திரம். நாட்டின் பெயரைச் சொன்னவுடன் எல்லோரும், "வெயிலில் இருந்து வந்து இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறாய்?" என்று கேட்பார்கள். லிஃப்டில் கேட்பார்கள், லாண்டரி அறையில் கேட்பார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர் காணும்போதெல்லாம் கேட்பான். நானும் கேட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன ஊமையா?

எங்களிடம் ஆளுக்கு அரை ஆங்கிலம்தான் இருந்தது. அதிலேயே அவள் தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். மரங்கள் வளராத உயரத்தில் இருக்கிற மலைவெளி அது. பெயர் பாரமோ. எந்நேரமும் மூட்டம், தூறல், எலும்பில் ஏறும் குளிர். மழையை நிலம் உறிஞ்சி வைத்திருந்து ஆறுகளுக்குக் கொடுக்குமாம். அங்கே ஆளுயரச் செடி ஒன்று, இலையெல்லாம் பூனைமயிர் மாதிரி. மூட்டத்துக்குள் பார்த்தால் சாமியார்கள் வரிசையாக நிற்பதுபோல இருக்குமாம், அதன் பெயரும் சாமியார்தானாம். அந்த வெளியில் யாரும் கத்தக்கூடாது. கத்தினால் மலை கோபித்துக்கொண்டு மழையை இறக்கிவிடும்.

என் கணவரை அங்கே கூட்டிப்போக முடியாது என்று அவரிடமே சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்குப் பேச ரெலிபோனே தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இலையுதிர்காலம், கட்டடத்துச் சனம் தங்கள் நாடுகளைக் காட்டும் விழாவுக்காக எங்கள் பார்ட்டி ரூமில் நாட்டுக்கொரு மேசை போட்டார்கள். தன் ஊர் குளிர் ஊர்தான் என்று இந்த முறை எல்லோரையும் நம்பவைக்காமல் விடுவதில்லை என்று அவள் நின்றாள். சாமியார்ச் செடிகள் செய்ய, கார்ப்பெட் கடையில் வீசிய நீண்ட மட்டைக் குழாய்களைக் கொண்டுவந்து மண்ணிறக் கடதாசி சுற்றினோம். உச்சியில் வைக்கும் இலைகளை எங்கள் வீட்டுச் சாம்பல் நிறக் கம்பளிப் போர்வையிலிருந்து வெட்டினேன்.

"என்ரை போர்வை எங்கை?" என்றார் கணவர்.

"அது சாமியாராப் போட்டுது."

எல்லாம் சரி, மூட்டம் மட்டும் இல்லை. மூட்டம் இல்லாவிட்டால் அவை வெறும் கார்ப்பெட் குழாய்கள். "வடிவாயிருக்கிறது என்பார்கள், பிறகு வெயிலைப் பற்றிக் கேட்பார்கள்" என்று அவள் அழுகிற மாதிரி நின்றாள்.

"மூட்டந்தானே, என்னட்டை விடும்" என்றார் இவர் என்னிடம்.

போய்ச் சாம்பிராணித் தட்டோடு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் புகை காட்டும்போது, குளிக்கிற பிளாஸ்டிக் தொப்பியால் ஃபயர் அலாரத்தை மூடிவிடுவது எங்கள் வழக்கம். பார்ட்டி ரூமுக்கும் ஒரு அலாரம் இருக்கும் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான். ஆனால் தட்டு அவர் கையில் இருந்தது, ஆகவே பிழை அவருடையது.

கொஞ்ச நேரம் அது பாரமோவேதான். புகைக்குள் சாமியார்கள் நின்றார்கள், சனம் கிட்ட வந்து பார்த்தது. பிறகு அலாரம் அலறியது. இவர் அதைவிடப் பெரிதாக, "ஒருத்தரும் ஓடாதேங்கோ, இது சாம்பிராணி" என்று தமிழில் கத்தினார். சனம் இன்னும் வேகமாக ஓடியது.

வெளியே கார் பார்க்கில் உண்மையான மூட்டம். குளிர்மழையும் பிடித்துக்கொண்டது.

"நான் கத்தினதாலையோ?" என்று இவர் என் காதுக்குள் கேட்டார். கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் குசுகுசுத்து நான் கேட்டதில்லை.

"ஓம். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

பக்கத்து வீட்டுக்காரி தன் மேசையில் வைத்திருந்த கம்பளிப் பொஞ்சோக்களையும், கறுவா போட்ட சுடு பானத்துப் பானையையும் தூக்கிக்கொண்டே ஓடிவந்திருந்தாள். அரைக்கைச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த சூப்பரின் தலைவழியாக ஒரு பொஞ்சோவை மாட்டி, கையில் ஒரு கப்பையும் கொடுத்தாள். அவனுக்குப் பல் கிட்டியது.

"உங்கள் ஊரில் இவ்வளவு குளிருமா?" என்று கேட்டான்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதைவிட" என்றாள்.