மஞ்சள் ரப்பர் காப்பு

அலுவலக ஓட்டப் பந்தயத்தில் இலவசமாக ஒரு ரப்பர் கைப்பட்டை கொடுத்தார்கள். அதன் வாசனை மூக்கில் ஏறியதுமே நான் திருத்தணியில், ஆறாம் வகுப்பில் இருந்தேன்.

அன்று ஒரு சத்துமாவு கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கு வந்து, 'தினமும் ஓடு' என்று எழுதிய மஞ்சள் பட்டையை எல்லோர் கையிலும் மாட்டிவிட்டார்கள். என் அப்பா, நைனா, அரக்கோணம் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்த வாரம் அது. காவடிக்குக் காப்பு கட்டினால் வேண்டுதல் முடியும்வரை கழற்றக் கூடாது. எனக்கு அந்தப் பட்டைதான் காப்பு. நைனா பிழைக்கவேண்டும் என்று தினமும் மலைக்கோயில் படி முழுவதையும் ஓடியே ஏறினேன்.

ஏழாம் நாள் பாதிப் படியில் அது அறுந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். மாற்றுத் துணி எடுக்க அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"அம்மா, நைனாவுக்குக் கட்டின காப்பு அறுந்துபோச்சும்மா!"

"ஓசி ரப்பருக்கா இப்டி அழுதுகினு கீற?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் ஊசி நூல் எடுத்தாள். அறுந்த பட்டையைத் தைத்து மாட்டிவிட்டாள்.

"போடி. விட்ட படியிலேர்ந்து ஏறு. நிக்காத."

ஏறினேன். நைனா வீடு திரும்பவில்லை. பட்டையைக் கழற்றும்படி யாரும் சொல்லவும் இல்லை.

"மாட்டிக்கலையா?" என்றார் பந்தயத்தில் பக்கத்தில் நின்றவர், என் கையிலிருந்த புதுப் பட்டையைப் பார்த்து.

"மாட்டினா கழட்ட மாட்டேங்க" என்றேன்.