பழைய குற்றால இறக்கமும் மூன்று கிராவல் சைக்கிள்களும்

சனிக்கிழமை காலை, திருநெல்வேலி சந்திப்பு. செங்கோட்டை பாசஞ்சரில் சன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் இருபது ரூபாய். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை, எதிர் இருக்கை ஆச்சி சேரன்மகாதேவியிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தார். அம்பாசமுத்திரத்தில் அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வண்டி எங்கம்மா?"

"தென்காசில மூணு நிக்கி ஆச்சி. ஓட்டிப் பாத்து ஒண்ண முடிவு பண்ணணும்."

"ஸ்கூட்டரா?"

"சைக்கிளு."

"சைக்கிளுக்கா இவ்ளோ பெரிய தொப்பி!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாவூர்சத்திரம் தாண்டியதும் சன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. திருநெல்வேலியில் ஆடி மாதம் என்றால் புழுக்கம்தான். இங்கே அதே ஆடியில் மலை மொத்தமும் மேகத்துக்குள் போயிருந்தது. எனக்குக் குஷி தாங்கவில்லை. கூடவே கலக்கமும் இருந்தது.

கலக்கத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் புஷ்பம், வயது நாற்பத்து நான்கு. திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து சைக்கிளில் ஊர் சுற்றுவோம். போன வருடம் பாபநாசத்துக்கு மேலே போய்விட்டு மழையில் இறங்கும்போது, ஒரு வளைவில் பயந்துபோய் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் வழுக்கி விழுந்ததில் காறை எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, தைரியம்தான் கூடவில்லை. அன்றிலிருந்து இறக்கம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். அடுத்த மாதம் எங்கள் குழு செங்கோட்டை வழியாக ஆரியங்காவு வரை மலை ஏறப் போகிறது. ஏறுவதற்கு எனக்குப் பயமில்லை. ஆனால் மலை முழுக்கத் தள்ளிக்கொண்டு வருகிறவளுக்காக மற்றவர்கள் காத்துக் கிடக்க முடியுமா? வருகிறேனா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லும்படி குழுத்தலைவி ஜெயந்தி கெடு வைத்திருந்தாள்.

நல்ல பிரேக்கும் தடித்த டயரும் உள்ள வண்டி கிடைத்தால் பயம் போய்விடும் என்பது என் கணக்கு. அதற்குத்தான் கிராவல் சைக்கிள். பந்தய சைக்கிள் மாதிரி முன்னால் வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். டயர் மட்டும் அதைவிடத் தடிமன். தார்ச்சாலையிலும் ஓடும், சரளையிலும் ஓடும், குளத்துக் கரையிலும் ஓடும். நம் ஊர்ச் சாலைகள் இந்த மூன்றும் கலந்தவை என்பதால் நமக்கென்றே செய்தது போலிருக்கும்.

எட்டரை மணிக்குத் தென்காசி. ஸ்டேஷனுக்கு வெளியே என் அக்கா வீட்டுக்காரர் செல்வராஜ் அத்தான் நின்றுகொண்டிருந்தார். பெயின்ட் கடை வைத்திருக்கிறார், சைக்கிள் பைத்தியம். மேலகரத்தில் அவர் வீட்டு வாசலில் மூன்று வண்டிகளைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார். பக்கத்தில் கோமதி நின்றாள். வேளாண்மைத் துறையில் வேலை, வீரகேரளம்புதூர்ப் பக்கம் வயல் வயலாகப் போகிறவள், அத்தானின் சைக்கிள் கூட்டாளி. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு.

"வாங்கக்கா. நேத்துலேருந்து ஒங்க அத்தான் தூங்கலியாம். பொண்ணு பாக்க வாராங்கன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு," என்றாள்.

முதல் பெண், அத்தானின் பழைய வண்டி. விலை முப்பத்திரண்டாயிரம். அலுமினிய ஃபிரேம், பதிமூன்று கிலோ, சக்கரத்தோடு சுழலும் தகட்டைக் கம்பி இழுத்துப் பிடிக்கிற டிஸ்க் பிரேக். இரண்டாவது கோமதியுடையது. தொண்ணூற்றைந்தாயிரம். ஃபிரேம் அலுமினியம், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை மட்டும் கார்பன், பத்தரைக் கிலோ. பிரேக் ஹைட்ராலிக், அதாவது கம்பிக்குப் பதிலாக மெல்லிய குழாய்க்குள் எண்ணெய் ஓடும். மூன்றாவது அத்தானின் செல்லம். முழுக்கக் கார்பன், ஹைட்ராலிக் பிரேக், ஒன்பது கிலோகூட இல்லை. விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்பது எனக்கும் கோமதிக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரிந்த விலை அறுபதாயிரம். வண்டியில் நாலு கிலோ குறைத்தவர் தன் வயிற்றில் அதைக் குறைத்திருந்தால் இரண்டு லட்சம் மிச்சமாகியிருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அக்கா சூடாக இட்லி கொண்டுவந்ததால் சொல்லவில்லை.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். இலஞ்சிப் பக்கம் வயல்களுக்கு நடுவே செம்மண் பாதை, பிறகு ஒரு குளத்துக் கரை, பிறகு தார்ச்சாலை. மூன்று வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டினேன்.

முப்பத்திரண்டாயிரம் வண்டி குளத்துக் கரையில் கடகடவென்று சத்தம் போட்டது, ஆனால் எதற்கும் சளைக்கவில்லை. ஏற்றத்தில் மட்டும் தன்னையும் சேர்த்துத் தூக்கச் சொல்லும். பிரேக்கைக் கை வலிக்க அமுக்க வேண்டும். கடைக்கும் வேலைக்கும் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுற்றுகிறவருக்கு இது தாராளம். கம்பி அறுந்தால் ஆலங்குளத்துச் சாதாரண சைக்கிள் கடையில்கூட மாட்டிக்கொள்ளலாம். இது பெரிய வசதி.

கார்பன் வண்டியில் ஏறியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போலிருந்தது. குண்டு குழி கையில் தெரியவே இல்லை. வாரத்தில் நாலு நாள், நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் போகிறவர்களுக்கு இது நியாயமான ஆசை. ஆனால் எங்கே நிறுத்தினாலும் மனசு வண்டியிலேயே இருக்கும். டீக்கடையில் அத்தான் டீயைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே குடித்தார்.

கோமதியின் வண்டி எனக்குச் சின்னது, முழங்கால் இடித்தது. "இதுல சைசுதாங்க்கா மொதல்ல பாக்கணும். வெலை அப்பொறம்," என்றாள் அவள். அவளும் முதலில் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுப் பெரிய சைஸ் எடுத்து, ஆறு மாதம் முதுகுவலியோடு ஓட்டிவிட்டு அதை விற்றவள்.

குளத்துக் கரையிலிருந்து சாலைக்கு இறங்க ஒரு சின்னச் சரிவு. ஒரு பேருந்து நீளம்கூட இருக்காது. கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். இருவரும் பார்த்தும் பார்க்காதது போல முன்னால் போனார்கள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சாரல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பழைய குற்றாலம். மேலகரத்திலிருந்து நேராக வந்தால் எட்டு கிலோமீட்டர் சொச்சம். கடைசிப் பகுதி தோப்புகளுக்கு நடுவே மெல்ல ஏறும். அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மிளகாய் பஜ்ஜி வாசனையும் தைல வாசனையும் ஒன்றாக அடித்தன. குற்றாலத்துக்கு வந்தவர் உடம்பில் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குள் போனால் வந்ததற்கே கணக்கில்லை. அத்தான் முந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு பலகையில் குப்புறப் படுத்தார். தேய்க்கிறவர் அவர் முதுகில் சப்பாத்திக்கு மாவு பிசைவது போலப் பிசைந்தார். பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு என்பதால் நானும் கோமதியும் குளிக்கப் போனோம். தலையில் விழுந்த தண்ணீரில் காலையிலிருந்து இருந்த கலக்கம் பாதி கரைந்தது.

திரும்பி வந்தபோது அத்தான் இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, வண்டிகளுக்குக் காவல் நின்றார். ஆண்கள் பக்கம் வரிசை நீளமாம், இன்னும் குளிக்கவில்லையாம்.

"புஷ்பம், இப்பம் ரோடு காலியா கெடக்கு. எறங்கிப் பாத்திரு. என் வண்டிய எடு. ஒத்த வெரலு வெச்சா நிக்கும். ஒனக்காவ பளபளன்னு தொடச்சி வேற வெச்சிருக்கேன்."

நான் கோமதியைப் பார்த்தேன். "வேண்டாம்னா வேண்டாங்க்கா," என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். லிவர் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டுக் காலை எடுத்தேன்.

முதல் சில நொடிகள் சுகமாகத்தான் இருந்தது. வேகம் கூடியதும் ஒரு விரல் வைத்தேன். வண்டி நிற்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஊளைச் சத்தம் கிளம்பியது. மரத்திலிருந்த குரங்குகளெல்லாம் அந்தச் சத்தத்தில் சிதறி ஓடின. நாலு விரலும் வைத்து அமுக்கினேன். ஊளைதான் கூடியது, வேகம் குறையவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பாபநாசத்தில் செய்ததை இங்கே செய்ய வழியில்லை. இறுக்கிப் பிடிக்கப் பிரேக்கே இல்லையே! வேறு வேலை இல்லாததால் கண் சாலையைப் பார்த்தது. வளைவு தெரிந்தது. உடம்பைப் பின்னால் தள்ளி, வண்டியை லேசாகச் சாய்த்தேன், அது திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. இடது பக்கம் வேலியில்லாத ஒரு தென்னந்தோப்பு வந்தது. புதிதாக உழுத மண், மழையில் ஊறிக் கிடந்தது. ஹேண்டிலை அந்தப் பக்கம் விட்டேன். தடித்த டயர் மண்ணுக்குள் புதைந்து, உழன்று, ஒரு தென்னைக்குச் சற்று முன்னால் நின்றது. நான் விழவில்லை. காலை ஊன்றி நின்றேன். வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து அத்தான் வெறுங்காலோடு ஓடி வந்தார். ஒரு கையில் துண்டைப் பிடித்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. வேன்களில் வந்த கூட்டம் அவரை ஒதுங்கி நின்று பார்த்தது.

"ஏட்டி, அடி பட்டுட்டா? எங்கன பட்டுது? ஒங்க அக்காட்ட நான் என்ன சொல்லுவேன்!"

"ஒண்ணுமில்ல அத்தான். நல்லாத்தான் இருக்கேன்."

பின்னாலேயே தன் வண்டியில் வந்த கோமதி, கார்பன் வண்டியின் பிரேக் தகட்டில் விரலை வைத்து எடுத்து மோந்து பார்த்தாள். "அண்ணாச்சி, இதென்ன தைல வாசம்? இத எதுல தொடச்சிய?"

அத்தான் தன் துண்டைப் பார்த்தார். எண்ணெய் தேய்த்த உடம்பைத் துடைத்த அதே துண்டு.

"அதுக்குள்ளயும் எண்ணெதான ஓடுது? வெளிய கொஞ்சம் பட்டா வழவழன்னு நல்லாருக்கும்னு நெனச்சேன்."

குழாய்க்குள் ஓடும் எண்ணெய் பிரேக்கை அமுக்குவதற்கு. தகட்டில் படக்கூடாத ஒரே பொருள் எண்ணெய்தான். ஊரில் பாதிப் பேருக்குச் சைக்கிள் ஆலோசனை சொல்கிற மனிதர், குற்றாலத்துக்கு வந்ததும் தனக்குத் தேய்த்த கையோடு வண்டிக்கும் தைலம் தேய்த்துவிட்டார். கோமதி மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள், நானும் உட்கார்ந்தேன். அத்தானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கி நின்றார். "ஒனக்கு ஏதாவது ஆயிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது.

"அத்தான், நீங்க போயி குளிங்க. கோமதி, ஒன் வண்டியக் குடு. திரும்ப மேல போறேன்."

இருவரும் வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. முதலில் தகட்டையும் பிரேக்கையும் சோதித்தேன், சமதளத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தேன், அதன் பிறகுதான் ஏறினேன். முழங்கால் இடிக்க இடிக்க உச்சி வரை மிதித்தேன். திரும்பினேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. ஆனால் வளைவில் கை பிரேக்கைத் தேடி ஓடவில்லை. வளைவுக்கு முன்பே மெல்லத் தொட்டு, விட்டு, சாய்த்து, திரும்பினேன். தென்னந்தோப்பைத் தாண்டியும் நிறுத்தாமல் கீழே வரை போனேன். அங்கே ரம்புட்டான் விற்கிற அம்மாவிடம், "அக்கா, நான் எறங்கிட்டேன்!" என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும், "சந்தோசம்மா, ஒரு கிலோ போடட்டா?" என்றார். இருநூறு ரூபாய். பேரம் பேசாமல் வாங்கினேன்.

நாலரை மணிக்கு மீண்டும் தென்காசி ஸ்டேஷன். கேட்கப் போகிறவர்களுக்காக என் முடிவைச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் முப்பதாயிரம் சொச்சத்தில் வாங்கி ஒரு வருடம் மண்ணில் உருட்டட்டும். காடு கரை என்று அலைகிறவருக்கும், மலை ஏறி இறங்க வேண்டியவருக்கும் தொண்ணூறாயிரம் பக்கத்து வண்டி போதும். எனக்கு அதுதான், கோமதியுடையதைவிட ஒரு சைஸ் பெரிதாக. இரண்டரை லட்சத்து வண்டி, வீட்டில் விலை சொல்லத் தைரியம் உள்ளவருக்கு. அத்தானின் வண்டிக்குப் புது பிரேக் கட்டைகள் மாற்ற வேண்டும். அதைச் சின்னச் செலவு என்று அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரயில் நகர்ந்தது. கீழக்கடையத்துக்கு அப்பால் சாரல் நின்று, ஈரத் துணியில் எங்கள் ஊர் வெக்கை ஏறத் தொடங்கியது. அப்போது ஜெயந்தி போனில் கூப்பிட்டாள்.

"என்னட்டி, எந்த வண்டி முடிவாச்சு?"

"எறங்கிட்டேன் ஜெயந்தி."

"எங்க எறங்கிட்ட? ரயில விட்டுட்டியா?"

"இல்லட்டி. சைக்கிள்ல. மேலேருந்து கீழ வரைக்கும். ஒரு எடத்துலயும் தள்ளல."

அந்தப் பக்கம் கெடு வைக்கிற ஜெயந்தி மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்புறம் குரலைச் சரிசெய்துகொண்டு, "சரி, ஆரியங்காவுக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும், லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவோம்," என்றாள்.