நோலின் பூட்டிய கேட்

எங்கள் ஊரில் நோலினைக் குறை சொல்ல ஆள் கிடையாது, எண்பத்தொன்றாம் வருடக் குளிர்காலம் வரைக்கும். செம்மறிப் பண்ணைக்காரி. ரக்பி கிளப்பில் ஆட்டம் முடிந்ததும் பையன்களுக்கு வயிறு நிறையப் போடுகிற கை அவளுடையது. அந்த வருடம், கறுப்பர்களைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் அணி நியூசிலாந்துக்கு ஆட வந்தது.

"அவனுங்களுக்கு ஒரு கப் டீகூடப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பு ஊர்வலத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். முட்டை எறிந்தார்கள். எறிந்தது யார்? அவள் கையால் தின்று வளர்ந்த பயல்கள்!

கணவன் கெல்வின் மட்டும் சிரித்தான். "போயிட்டு வா. ஆப்பிரிக்கா தூரத்துலதானே இருக்கு."

பக்கத்தில் நடந்தவள் ரங்கிமாரி, ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை பார்க்கும் மாவோரிப் பெண், அந்த மண்ணின் பூர்வகுடி. தலையில் முட்டை வழிய நோலின் பெருமையாகத் திரும்பினாள்.

"பாத்தியா ரங்கி, உங்க ஜனங்களுக்காக என்னெல்லாம் வாங்கிக்கட்டிக்கிறேன்?"

ரங்கிமாரி நின்றுவிட்டாள்.

"எங்க ஜனமா? நீ அழுறது ஆப்பிரிக்காவுக்கு. எங்கம்மா உன் பண்ணைக் குன்று மேல புதைஞ்சு கிடக்கா. அவளைப் பாக்கணும்னா உன் புருஷனுக்கு போன் போட்டுக் கெஞ்சணும். ஆடு குட்டி போடுற நேரம், வராதேங்கிறான். குன்றுக்குப் போற கேட்டைப் பூட்டுறது யாரு? நீதானே?"

நோலினுக்கு முகம் செத்துப்போயிற்று. கல்யாணமாகி வந்த நாள் முதல் பூட்டுவது அவள்தான். மாவோரிகளின் குன்று கெல்வினுடைய தாத்தா கைக்கு எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே பூட்டைக் கழற்றினாள். இப்போது கெல்வின் சிரிக்கவில்லை.

"பைத்தியமா உனக்கு? இன்னைக்குக் கல்லறைம்பாங்க, நாளைக்குக் குன்றையே கேப்பாங்க!"

"கேட்டா கேக்கட்டும்."

"இதுல உனக்கென்ன வந்துச்சு?"

பெரிதாக ஏதாவது சொல்ல அவளுக்கும் ஆசைதான். வாயில் வந்தது வேறு.

"வெட்கமா இருக்கு கெல்வின். வேற ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். மண்ணும் போய்ப் புருஷனும் போய்விடுவானோ என்று பயந்தாள். ஆனாலும் பூட்டைத் திரும்ப மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரங்கிமாரி குடும்பத்தோடு வந்தாள். நோலின் ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டி சுட்டு, டீ போட்டு, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். வண்டி நேரே குன்றேறியது. திரும்பும்போதும் நிற்கவில்லை. ரங்கிமாரி கையை மட்டும் அசைத்தாள்.

அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நோலின் ஸ்கோன் தட்டை உள்ளே எடுத்துப் போனாள்.

அன்றுதான் கெல்வின் வாயைத் திறந்தான், ஸ்கோன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே.

"என்னம்மா, ஒரு நன்றிகூட இல்லையா?"

ரங்கிமாரியைத் திட்ட வாயெடுத்த நோலின் அப்படியே நின்றாள்.

"எங்கம்மா கல்லறைக்குப் போறதுக்கு நான் யாருக்கு நன்றி சொன்னேன், கெல்வின்?"

கெல்வின் ஸ்கோனைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.