வாக்கியம் முடியும் முன்

எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் ரெமிஜியஸ் தலையாட்டிவிடுவார். "ஹாவ், ஹாவ்" என்பார். சீனத்தில் சரி, சரி. வயது நாற்பத்தாறு. வீடு மர்பி டவுன். ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வந்திருக்கும் சீனக் குடும்பங்களுக்கு சுமோ ஓட்டுகிறார். இரண்டு வருடமாக கேசட் போட்டு, டொம்லூர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வாயசைத்துக் கற்ற பாஷை.

கடைகண்ணிக்கு அது போதும். கிளினிக்கிலும் அவர்கள் சொல்வதை டாக்டருக்கு அவரே தமிழில் எடுத்துச் சொல்வார். "இன்னா பெரிய விசயம் சிஸ்டர்? நாலு வார்த்த காதுல வுழுந்தா, மீதிய நாமளே கட்டிக்க வேண்டியதுதான்" என்பார் நர்ஸ் உஷாவிடம்.

நீளமான சீன வாக்கியத்தில் ஒரு மருந்தைப் பற்றிய விவரமெல்லாம் முதலில் வரும், அந்த மருந்து பிறகு வரும், அதை என்ன செய்வது என்பது கடைசியில் வரலாம். தமிழிலும் அப்படித்தான். அவர் பொறுத்திருக்கலாம்.

போன மாதம் லியூ என்ற பெண் நான்கு வயது மகளைக் காய்ச்சலோடு கூட்டிவந்தாள். டாக்டர் ஒரு பாட்டிலைக் காட்டினார். 'போன தடவை குடித்து முகம் வீங்கிப்போன இந்த மருந்தை இவளுக்குக் கொடுக்க வேண்டாம்' என்றாள் அவள். ரெமிஜியஸ் 'குடித்து' வரைதான் கேட்டார். "போன வாட்டியும் இதான் குட்ச்சாளாம் டாக்டர். குடுங்க."

அவர் தலையாட்டியதை நம்பி, சின்னக் கிண்ணத்தில் வந்தது வேறு மருந்து என்று நினைத்து லியூவே ஊட்டினாள். அரை மணியில் குழந்தையின் முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் பிழைத்தது.

"மீதிய நீங்களே கட்டிக்கினீங்களாண்ணா?" என்றாள் உஷா.  மறுநாள் அவர் சுமோவின் உள்கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார், பின்சீட்டில் லியூவின் முகம் தெரியாதபடி.

நேற்று குழந்தைக்குக் காதுவலி. எடுத்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது. லியூ அவரைப் பார்க்காமல், டாக்டரைப் பார்த்தே நீளமாகச் சொன்னாள். கதவுக்கு வெளியே பத்துப் பேர். ரெமிஜியஸுக்குப் பாதி விளங்கியது. மீதி நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. 

"எனக்குப் புரில, டாக்டர்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரெமிஜியஸ் எழுந்து, டாக்டரின் மேசையோரம் இருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் லியூவின் எதிரே போட்டு, அவள் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.