நூற்றிருபது மணி நேரம்

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். எதிர் மேஜையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டால் ஒரு முறை திரும்புவார். ஆனால் ஒரு பாட்டில் வயலின்காரர் எந்த இடத்தில் மூச்சு விட்டார் என்று கேளுங்கள், நொடிக் கணக்கோடு சொல்வார். இந்த மகானுக்குப் பதினெட்டு வருடங்களுக்கு முன் வாழ்க்கைப்பட்டவள், கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறாள். நுணுக்கமான வேலை, அதனால்தான் இவ்வளவு பொறுமை என்று கடைக்கு வருகிறவர்கள் மெச்சுவார்கள். பாவம், அவர்கள் அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு இரண்டு புது விஷயங்கள் வந்தன. ஒன்று, அவருடைய புது ஹெட்ஃபோன். இன்னொன்று, அவளுடைய முதலாளியின் போன். ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில் இன்னொரு கடை திறக்கிறார். அதற்கு அவள்தான் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். அவளுக்குக் கொள்ளை ஆசை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிடலாம். இவர் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்துவிட்டால் போதும்.

"என்னங்க, முதலாளி புதுக் கடையை என்னையே பார்த்துக்கச் சொல்றார்."

"ம். அந்தக் கத்திரிக்கோலை எடு," என்றார், அட்டைப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடுத்துக் கொடுத்தாள். இனி ஒரு வாரத்துக்கு மனிதர் ஹெட்ஃபோனும் தலையுமாகத்தான் இருப்பார் என்று அவள் நினைத்தது தப்பு. புது ஹெட்ஃபோனை உடனே மாட்டக் கூடாதாம். உள்ளே இருக்கும் சவ்வு விறைப்பாக இருக்குமாம். நூற்றிருபது மணி நேரம் விதவிதமான சத்தங்களை ஓடவிட்டு, அதை இளக்கிப் பழக்கிய பிறகுதான் காதில் வைக்க வேண்டுமாம். இணையத்தில் யாரோ வேலைவெட்டி இல்லாதவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அதோடு நான்கு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஓய்வு வேறு. அவள் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அவள் காலுக்கு இப்படி யாரும் எழுதவில்லை.

மடிக்கணினியில் டிராக்குகளை வரிசையாக அடுக்கினார். மழை போல ஓர் இரைச்சல், உறுமலில் தொடங்கி விசிலில் முடியும் ஒரு நீண்ட சத்தம், டிரம்ஸ், வயலின் என்று ஆறு சேர்ந்துவிட்டன. ஏழாவதாக ஒரு பெண்ணின் பேச்சுக்குரல் வேண்டும்.

"நீ ஒரு மூணு நிமிஷம் பேசு. எதை வேணா பேசு, நான் கேக்கப் போறதில்ல," என்று ரெக்கார்டிங்கை ஆரம்பித்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினெட்டு வருடத்தில் யாரும் குறுக்கே பேசாமல் அவளுக்குக் கிடைத்த மூன்று நிமிடம். புதுக் கடை, ரயில், ஆசை எல்லாவற்றையும் மடிக்கணினியிடம் சொல்லி முடித்தாள்.

ஹெட்ஃபோனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். சத்தம் ஓட ஆரம்பித்தது. புதன்கிழமை வந்த நாத்தனார், படுக்கையறையில் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது பயந்துபோய் வெளியே வந்தாள்.

"அண்ணி, அலமாரிக்குள்ள யாரோ முணுமுணுக்கிறாங்க."

"நான்தான்," என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் மறுபடி கேட்டுப் பார்த்தாள். "நான் சொன்னது என்னாச்சுங்க? சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"சனிக்கிழமை நாலு மணிக்கு முடிஞ்சுடும்," என்றார் அவர், அலமாரியைப் பார்த்து.

சனிக்கிழமை நாலு மணிக்குத் துண்டைப் பிரித்து, ஹெட்ஃபோனை மாட்டி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஒவ்வொரு டிராக்காகத் தலையாட்டி அனுப்பினார். ஏழாவது வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நிமிடமும் முழுசாகக் கேட்டார்.

"அபாரம். ஒரு இடத்துல நீ எச்சில் முழுங்கறதுகூடத் தனியா கேக்குது."

"என்ன சொல்லியிருக்கேன்?"

"அதெல்லாம் அப்புறம். இப்ப சத்தத்தைத்தான் கவனிக்கணும். இந்தா, நீயே கேளு," என்று எழுந்து வந்து, பெருந்தன்மையாக அவள் தலையில் மாட்டிவிட்டு, மறுபடி ஏழாவதை அழுத்தினார்.

உண்மையிலேயே தெளிவாகத்தான் கேட்டது. புதுக் கடையைப் பற்றி அரை நிமிடம் பேசியிருந்தாள். மிச்சம் முழுக்க, உங்களுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம் வராது, உங்க சட்டையெல்லாம் தேய்ச்சு வெச்சுட்டுப் போறேன், வேண்டாம்னா வேண்டாம், கோவிச்சுக்காதீங்க. நான்கு இடத்தில் கோவிச்சுக்காதீங்க. திருடிவிட்டுப் பிடிபட்டவள் போல ஒரு குரல். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் போன பிறகு கோபம் வந்தது, அது அவர்மேல் மட்டும் இல்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் மறுபடி முதல் டிராக்குக்குப் போய்விட்டார். அவள் அவர் எதிரிலேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டாள்.

"நான் வரேன் சார்."

"வீட்ல கேட்டுட்டீங்களாம்மா?"

"கேட்டாச்சு சார். ஆறு நாளா ராப்பகலா கேட்டாச்சு," என்றாள். "திங்கட்கிழமை காலைல சாவியை வாங்கிக்கறேன்."